எட்டு சதவீத வாக்குறுதி: 2019 இலங்கைத் தேர்தலில் ஒரு பொருளாதாரத் திட்டத்தை உரசிப் பார்ப்பது

ஒரு வேட்பாளரின் பொருளாதாரத் திட்டத்தில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வழக்கமாக மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். விவரமாக எழுதியிருக்கிறாரா? பின்னால் படித்தவர்கள் இருக்கிறார்களா? சொன்னதைச் செய்யக்கூடியவரா? 2019 நவம்பரில் இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கோட்டாபய ராஜபக்ஷவின் திட்டம் இந்த மூன்றிலும் தேறியது. ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்ற அந்த விஞ்ஞாபனத்தில் துறை துறையாக விவரம் இருந்தது. ‘வியத்மக’ என்ற பெயரில் பேராசிரியர்களும் தொழில்வல்லுநர்களும் வணிகர்களும் அவர் பின்னால் நின்றார்கள். வென்று இரண்டு வாரம் முடிவதற்குள் முக்கிய வரி வாக்குறுதிகளை அமைச்சரவை நிறைவேற்றியது. இரண்டரை ஆண்டில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கை விரித்தது.

அப்படியானால் நாம் கேட்கும் கேள்விகளில்தான் கோளாறு. அந்தத் திட்டத்தின் ஓட்டையை வாக்களிப்பதற்கு முன்பே, பொதுவில் கிடந்த ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் கண்டுபிடித்திருக்கலாம். இந்த ஆய்வின் நோக்கம் அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுவது.

சொன்னது என்ன

அப்போது வற் வரி, அதாவது பொருள்களும் சேவைகளும் வாங்கும்போது விலையோடு சேர்த்து எடுக்கும் பெறுமதி சேர் வரி, 15 சதவீதம். அதற்கு மேல் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி என்று 2 சதவீதம். இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே வற் வரி, 8 சதவீதம் என்றார் கோட்டாபய. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரி, வட்டி முதலியவற்றில் பிடித்துவைக்கும் வரி, நிறுவனங்களின் விற்பனைப் புரள்வில் எடுத்த பொருளாதார சேவைக் கட்டணம் ஆகியவை ஒழிக்கப்படும் என்றார். விவசாயிக்கு உரம் இலவசம். மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு லட்சம் பேருக்கு அரச வேலை. தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய்.

இவற்றோடு இலக்குகளும் இருந்தன. பொருளாதார வளர்ச்சி 6.5 சதவீதத்துக்குக் குறையாது. தலா வருமானம் 6,500 டொலரைத் தாண்டும். பணவீக்கம் 5 சதவீதத்துக்குக் கீழே. வட்டி ஒற்றை இலக்கத்தில். வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்குக் கீழே. கடைசியில் சொன்ன இந்த இலக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் மக்களிடம் எடுபட்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் அப்போதைய அரசு வற் வரியை 11இலிருந்து 15 ஆக்கியது. சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட 1.5 பில்லியன் டொலர் ஏற்பாட்டின் கீழ் வரி வசூலை இறுக்கியது. வளர்ச்சியோ 3 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு ஹோட்டல்கள் வெறிச்சோடின. கடை வைத்திருப்பவர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம் அது. வரிச் சுமையால்தான் தொழில் படுத்துவிட்டது என்று ஒருவர் வந்து சொன்னபோது அது வாழ்ந்த அனுபவத்தோடு பொருந்தியது. நோயைச் சொன்னதில் பொய் அதிகமில்லை. மருந்தைத்தான் அநேகமாக யாரும் அளந்து பார்க்கவில்லை.

அட்டவணையை எடுத்து வைத்தால்

இலங்கை மத்திய வங்கி ஒவ்வோர் ஏப்ரலிலும் ஆண்டறிக்கை வெளியிட்டுவந்தது, தமிழிலும்தான். 2018ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2019 தேர்தலுக்குப் பல மாதம் முன்பே வந்துவிட்டது. அதில் அரசிறைப் பகுதியில் இருந்த சில எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் பில்லியன் ரூபாயில். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி.

2018இல் அரசின் மொத்த வருவாய் சுமார் 1,920. அதில் வற் வரி சுமார் 462. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 100க்குச் சற்று மேல். செலவுப் பக்கத்தில், கடனுக்கு வட்டி 852. அரச ஊழியர் சம்பளம் 626. ஓய்வூதியம் ஏறத்தாழ 195.

வற் வரி 15 சதவீதத்தில் 462 தருகிறது என்றால் ஒரு சதவீதம் சுமார் 31 தருகிறது. ஏழு சதவீதத்தைக் குறைத்தால் 215 போகும். தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியை ஒழித்தால் இன்னொரு நூறு. ஆக இரண்டில் மட்டும் போவது 320 வரை. சம்பள வரி, பிடித்துவைக்கும் வரி இவற்றை இன்னும் தொடவேயில்லை.

1,920இல் 320 கழித்தால் 1,600. வட்டி, சம்பளம், ஓய்வூதியம் மூன்றையும் கூட்டினால் 1,673.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் போதும். ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்துப் போத்தல் வாங்குவதற்கு முன்பே, பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேசை செய்வதற்கு முன்பே, வறிய குடும்பங்களுக்கான சமுர்த்தி உதவியில் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்பே, இலவச உரம் ஒரு மூட்டை இறக்குவதற்கு முன்பே, கல்லாவில் 73 பில்லியன் துண்டு விழுகிறது. மற்ற அத்தனையும் கடன்தான். விஞ்ஞாபனத்தின் எந்தப் பகுதியும் இந்த 320க்கு ஈடாக எதைக் குறைப்போம், யாரிடம் எடுப்போம் என்று சொல்லவில்லை.

இப்போது அந்த 4 சதவீத இலக்கை எடுங்கள். 2018இல் பற்றாக்குறை 5.3 சதவீதம். 320 பில்லியன் என்பது அன்றைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்கு மேல். அதையும் சேர்த்தால் பற்றாக்குறை ஏழரைக்குப் போகும். அங்கிருந்து 4க்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 500 பில்லியன் அளவில் செலவை வெட்ட வேண்டும். அரச சம்பளப் பட்டியல் முழுவதுமே 626தான். அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு லட்சம் பேரைச் சேர்ப்போம் என்றும் அதே திட்டம்தான் சொன்னது. ஒரே ஆவணத்தின் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. இப்படி ஒரு முரண் கண்ணில் பட்ட பிறகு அதன் மற்ற விவரங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அவற்றில் நம்பிக்கை வராது.

‘வளர்ச்சி வந்துவிடும்’ என்ற பதில்

வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், பெருகிய தொழிலிலிருந்து குறைந்த வீதத்திலும் அதிக வரி வரும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதையும் அளக்கலாம். 1,600ஐத் தரும் பொருளாதாரம் மீண்டும் 1,920ஐத் தர வேண்டுமென்றால் அது ஐந்தில் ஒரு பங்கு பெருக வேண்டும். அவர்களே சொன்ன 6.5 சதவீத வேகத்தில் போனாலும் மூன்று ஆண்டு ஆகும். அதுவும் 3 சதவீதத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பொருளாதாரம் முதல் நாளிலிருந்தே இருமடங்கு வேகத்தில் ஓடினால்தான். அந்த மூன்று ஆண்டும் ஒவ்வோர் ஆண்டின் ஓட்டையையும் கடனால் அடைக்க வேண்டும், அந்தக் கடனுக்கும் வட்டி ஏறும். ஏற்கெனவே வருவாயில் 44 சதவீதத்தை வட்டிக்கே கொடுத்துக்கொண்டிருந்த நாடு இது.

சில நாடுகளில் வரிக் குறைப்பு வேலை செய்திருக்கலாம். எங்கிருந்து குறைக்கிறோம் என்பதுதான் விஷயம். 1990களின் தொடக்கத்தில் இலங்கை அரசு மொத்த உற்பத்தியில் 20 சதவீதத்தை ஒட்டி வருவாய் எடுத்தது. 2018இல் அது 13 சதவீதம் சொச்சம். உலகத்திலேயே மிகக் குறைவாக வரி எடுக்கும் அரசுகளின் வரிசையில் அப்போதே இலங்கை இருந்தது. வரி வீதங்கள் உயரமாகத் தெரிந்தன, வசூலோ பள்ளத்தில் கிடந்தது. விலக்குகள், தப்பிப்புகள், பதிவு செய்யாத வணிகங்கள் என்று அதற்குப் பல காரணங்கள். அந்த ஓட்டைகளை அடைப்பதற்கு ஒரு திட்டம் எழுதப்பட்டிருந்தால் அதை உட்கார்ந்து படித்திருப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒழிக்கப்பட்டவற்றில் சில வரிகளே அல்ல, வரி பிடிக்கும் கருவிகள். முதலாளி சம்பளத்திலேயே பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டும் முறை, வங்கி வட்டியிலேயே பிடித்துக் கட்டும் முறை இரண்டும் யாருக்கு எவ்வளவு வருமானம் என்ற தகவலைத் தாமாகவே திணைக்களத்தின் மேசைக்குக் கொண்டுவந்தன. அவற்றை எடுத்ததும் பணத்தோடு தடயமும் போனது. வீதத்தை ஒரே இரவில் மீண்டும் ஏற்றலாம். அறுந்த வசூல் சங்கிலியைக் கோர்க்க ஆண்டுகள் பிடிக்கும். ஒரு திட்டத்தைப் படிக்கும்போது எது திரும்ப எடுக்கக்கூடியது, எது முடியாதது என்று பிரித்துப் பார்ப்பதை நாம் அநேகமாகச் செய்வதேயில்லை.

யாருக்கு என்ன கிடைத்தது

2019 நவம்பர் 27ஆம் திகதி அமைச்சரவை முடிவெடுத்தது. டிசம்பர் 1 முதல் வற் வரி 8 சதவீதம். ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் புரளும் கடை வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை, 30 கோடியாகத் தூக்கப்பட்டது. வீதத்தைக் குறைத்ததைவிட இது ஒருவகையில் மோசம். வரி கட்டிவந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டியலைவிட்டே வெளியேறின. தனிநபர் வருமான வரியில், ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரியில்லை என்றிருந்தது 30 லட்சமானது.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக் கணக்கிட்டால் இது துலங்கும். மாதம் இரண்டரை லட்சம் எடுக்கும் கொழும்பு மேலாளர் ஒருவர், பழைய விதியில் 18 லட்சத்துக்கு வரி கட்டினார்: முதல் ஆறு லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த ஆறுக்கு 8, அடுத்த ஆறுக்கு 12. ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். புதிய விதியில் பூச்சியம். அவர் கையில் மாதம் 12,000 ரூபாய் மிஞ்சியது. ஒன்றரை லட்சம் எடுப்பவருக்கு மாதம் 2,000 ரூபாய். அறுபதாயிரம் எடுக்கும் ஆசிரியருக்கு இதில் ஒரு சதமும் இல்லை. அவர் முன்பும் இந்த வரியைக் கட்டவில்லை. அரிசிக்கும் பாணுக்கும் ஏற்கெனவே வற் வரி கிடையாது என்பதால், சம்பளத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் குடும்பத்துக்கு அந்த வரிக் குறைப்பிலும் கிடைத்தது கொஞ்சம். ‘மக்களுக்கு நிவாரணம்’ என்ற சொல்லின் கீழே இந்த வித்தியாசம் மறைந்துபோனது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் மலையகத்துக்குக் கொடுத்த வாக்குறுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். கோட்டாபய 1,000 என்றார். அவரை எதிர்த்து நின்ற முக்கிய வேட்பாளர் சஜித் பிரேமதாச 1,500 என்றார். இரண்டு பேருமே தங்கள் பையில் இல்லாத பணத்தை ஏலம் கேட்டார்கள். தோட்டங்களை நடத்துவது பெருந்தோட்டக் கம்பனிகள். சம்பளம் அப்போது அவர்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான ஒப்பந்தமாக இருந்தது. ஜனாதிபதி எந்தச் சட்ட வழியில் அதை உயர்த்துவார், கம்பனி அந்தச் செலவை எந்த வழியில் தொழிலாளியிடமே திருப்பி எடுக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவழியாக 2021 மார்ச்சில், குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபை மூலம் வர்த்தமானி வந்து 1,000 ரூபாய் சட்டமானது. உடனே நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை பல தோட்டங்களில் ஏறியது, வேலை நாட்கள் குறைந்தன என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். அன்று ஐந்து டொலருக்குச் சமமாக இருந்த அந்த ஆயிரம் ரூபாய், அடுத்த ஆண்டு மே மாதத்தில் மூன்று டொலர்கூடப் பெறவில்லை.

எச்சரித்தவரை ஏன் யாரும் கேட்கவில்லை

நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே சொன்னார். இந்த வரிக் குறைப்பை அப்படியே செய்தால் நாடு வங்குரோத்தாகும், வெனிசுவேலாவாகவோ கிரேக்கமாகவோ மாறும் என்றார். கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து நடந்தது. அவர் 2021 ஓகஸ்டில் கொரோனாவில் காலமானார்.

அவரைக் கேட்காததற்குக் காரணம் இருந்தது. வற் வரியை ஏற்றிய அரசின் அமைச்சர் அவர். அதே அரசின் காலத்தில்தான் மத்திய வங்கி பிணைமுறி (அரச கடன் பத்திர) மோசடி நடந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுகளைத் தடுக்கத் தவறியதும் அதே அரசு. சொல்பவர் மேல் இருந்த கோபத்தில் சொன்னதன் கணக்கும் சேர்ந்து அடிபட்டது. தமிழ்ப் பகுதிகளில் நிலைமை வேறு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சஜித்துக்கு வாக்களித்தார்கள். அது கோட்டாபய வரக்கூடாது என்ற வாக்கு. போர்க்கால நினைவும் பயமும் அதைத் தீர்மானித்தன, வற் வரி அல்ல. அதில் தவறொன்றும் காணமாட்டேன். ஆனால் தெற்கோ வடக்கோ, அந்த 320 பில்லியன் மேடைகளில் பெரிய கேள்வியாகவில்லை என்பதும் உண்மை. இலவச உரம், பெண்களுக்கு இலவச ஆரோக்கியத் துவாய் என்று அடுக்கிய சஜித்தின் பட்டியலும் செலவுக்கு எதிரே வரவை எழுதவில்லை. அவர் வரியை அந்த அளவு வெட்டுவதாகச் சொல்லவில்லை என்பது பெரிய வித்தியாசம்தான்.

கொரோனாவா, வரிக் குறைப்பா

திட்டத்தை ஆதரித்தவர்கள் இன்றும் சொல்வது: திட்டம் நல்லது, கொரோனா வந்து கெடுத்தது. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2020 மார்ச்சில் நாடு மூடப்பட்டது. அந்த ஆண்டு பொருளாதாரம் சுருங்கியது. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் சுங்கத்தில் வரும் பெரும் பணமும் நின்றது. வருவாய் வீழ்ச்சி முழுவதையும் வரிக் குறைப்பின் தலையில் கட்டினால் அது நேர்மையான ஆய்வாகாது.

ஆனாலும் எண்களைப் பாருங்கள். வற் வரி வசூல் 2019இல் 444 பில்லியன், 2020இல் 234. கிட்டத்தட்ட பாதி. வீதமும் 15இலிருந்து 8ஆக, கிட்டத்தட்ட பாதியாகத்தான் இறங்கியிருந்தது. மொத்த வருவாய் 1,891இலிருந்து 1,368ஆக விழுந்தது. உற்பத்தியின் பங்காக 12.6இலிருந்து 9.1 சதவீதம். வட்டிச் செலவோ 980க்கு ஏறியது. நூறு ரூபாய் வந்தால் எழுபதுக்கு மேல் வட்டிக்கே போனது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தபோதும் வருவாயின் பங்கு மேலே வரவில்லை, இன்னும் இறங்கியது.

காலவரிசை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் ஃபிட்ச் நிறுவனம் இலங்கையின் கடன் தரத்துக்கான கண்ணோட்டத்தை எதிர்மறையாக்கியது 2019 டிசம்பர் 18. அப்போது கொரோனா என்ற பெயரே கொழும்பில் யாருக்கும் தெரியாது. 2020 நவம்பருக்குள் அதே நிறுவனம் தரத்தை, கடன் திரும்பி வருவது சந்தேகம் என்று பொருள்படும் ‘சிசிசி’ ஆக்கியது. புதிய டொலர் முறி (கடன் பத்திரம்) விற்பது நடவாத காரியமானது. ஆண்டுக்கு 4 பில்லியன் டொலர் அளவில் வெளிக்கடன் கட்ட வேண்டிய நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2019 முடிவில் 7.6 பில்லியன். வெளியே கடன் கிடைக்காதபோது கையிருப்பைக் கரைத்தார்கள். உள்ளே வரி கிடைக்காதபோது மத்திய வங்கியிடம் எடுத்தார்கள்; அரசுக்கு அது கொடுத்த நிகரக் கடன் இரண்டு ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. கொரோனா எல்லா நாட்டையும் அடித்தது. அடி விழுந்தபோது தாங்குவதற்கு என்ன வைத்திருந்தோம் என்பதில்தான் நாடுகள் வேறுபட்டன. ஒரு திட்டத்தில் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பதில் இதுவும் அடங்கும்: எல்லாம் நினைத்தபடி நடந்தால்தான் அது நிற்குமா, ஒரு கெட்ட ஆண்டையும் தாங்குமா?

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிக்கடன் கட்டுவதை அரசு நிறுத்தியது. ஜூலை 14 கோட்டாபய பதவி விலகினார். செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, உணவுக்கு அது 95 சதவீதத்தை ஒட்டி இருந்தது. எடுத்த வரிகளில் முக்கியமானவை திரும்பி வந்தன: வற் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. சம்பள வரி 2023 ஜனவரி முதல் உச்ச வீதம் 36 சதவீதத்தோடு வந்தது. மாதம் 12,000 ரூபாய் மிச்சப்படுத்திய அந்த மேலாளர் அப்போது பழையதைவிட அதிகம் கட்டினார். எதுவும் மிச்சப்படுத்தாத தோட்டத் தொழிலாளி பருப்புக்கும் பால்மாவுக்கும் கட்டினார்.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், ஐவரில் நால்வரின் பெரும்பான்மையால், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கி ஆளுநராக இருந்த அஜித் நிவாட் கப்ராலும் ஜனாதிபதியின் செயலாளராக இருந்த பீ.பி. ஜயசுந்தரவும் இன்னும் சிலரும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வரலாற்றுப் பதிவாக அந்தத் தீர்ப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது நடந்து முடிந்ததை. வாக்காளருக்குத் தேவை முன்கூட்டிய கணக்கு.

அது முடியாத காரியமும் அல்ல. நெதர்லாந்தில் மத்திய திட்டமிடல் பணியகம் 1986 முதல் கட்சிகளின் விஞ்ஞாபனங்களைத் தேர்தலுக்கு முன்பே கணக்கிட்டு வெளியிடுகிறது: எந்த வாக்குறுதிக்கு எவ்வளவு செலவு, பற்றாக்குறை எங்கே போகும், எந்த வருமானப் பிரிவுக்கு என்ன கிடைக்கும் என்று. அவுஸ்திரேலியாவில் 2012 முதல் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் இந்த வேலையைச் செய்கிறது. இலங்கையிலும் நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்துக்கான சட்டம் 2023இல் நிறைவேறியது. அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல். அதற்குள் அந்த அலுவலகம் வேட்பாளர்களின் திட்டங்களுக்குச் செலவுக் கணக்கு எழுத வேண்டும், அதைச் சிங்களம், ஆங்கிலத்தோடு அதே நாளில் தமிழிலும் வெளியிட வேண்டும், தமிழ்ப் பத்திரிகைகள் அந்த அட்டவணையை முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று இப்போதிருந்தே கேட்டாக வேண்டும். அதுவரை மத்திய வங்கியின் அறிக்கை இருக்கிறது. அட்டவணையில் வருவாய்க்கு ஒரு வரிசை, வட்டிக்கும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஒவ்வொரு வரிசை. மேடையில் சொல்லும் வாக்குறுதியை அதற்குப் பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.